வைரஸ் போன பிறகும் தசை அழற்சி ஏன் நீடிக்கிறது?

கேள்வி, விலங்குச் சோதனைகளில் வைரஸ் தொற்று எப்படி நாள்பட்ட தசை அழற்சியாக மாறுகிறது என்பது. நன்கு ஆராயப்பட்ட காக்ஸாக்கி பி1 வைரஸையே எடுத்துக்கொள்வோம். (காக்ஸாக்கி என்பது நியூயார்க் மாநிலத்து ஊர். 1948இல் இந்த வகை வைரஸை முதலில் பிரித்தெடுக்க உதவியதும் பால்குடி சுண்டெலிகள்தான்.)

இந்த வைரஸின் டூசான் (Tucson) ரகத்தைப் பிறந்த சுண்டெலிக் குட்டிக்குச் செலுத்தினால் முதலில் தசை நார்கள் செத்துப்போகும். இது வைரஸே நேரடியாகச் செய்யும் சேதம். இரண்டு வாரத்துக்குள் உயிருள்ள வைரஸ் தசையில் கிடைக்காமல் போய்விடும். சரி, அதோடு முடிந்தது என்றுதானே நினைப்போம்? இல்லை. பின்னங்கால்களின் பலவீனமும் அழற்சியும் பல வாரங்கள் தொடர்கின்றன.

இங்கேதான் தைமஸ் சுரப்பி இல்லாத, அதாவது முறையான டி செல்கள் (தைமஸில் முதிரும் நோயெதிர்ப்பு வெள்ளணுக்கள்) இல்லாத சுண்டெலிகள் ஒரு துப்புக் கொடுத்தன. அவற்றுக்கும் தொற்று வந்தது. நாள்பட்ட நோய் மட்டும் வரவில்லை. ஆக, பிற்காலச் சேதத்தில் நோயெதிர்ப்பு மண்டலத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

அது எதைப் பார்த்துத் தாக்குகிறது? தசையில் வைரஸின் ஆர்என்ஏ (அதன் மரபுப் பொருள்) மட்டும் நெடுநாள் தங்குவது கண்டறியப்பட்டிருக்கிறது. அந்த மிச்சமே எதிர்ப்பைக் கிளறிக்கொண்டிருக்கலாம். அல்லது சிதைந்த தசையின் சொந்தப் புரதங்களே இலக்காகியிருக்கலாம். எனக்கு முதலாவதே வலுவாகப் படுகிறது. ஆனால் தசை அழற்சி உள்ள மனித நோயாளிகளின் தசை மாதிரிகளில் தேடியபோது பெரும்பாலும் இந்த ஆர்என்ஏ அகப்படவில்லை. எலி முடிவை அப்படியே மனிதருக்குப் பொருத்த முடியாது.