சிறுத்தையைப் புடிச்சுட்டா போதுமா?

கேள்வி: எங்க லேஅவுட் காட்டை ஒட்டி இருக்கு. ராத்திரில சிறுத்தை நடமாட்டம், சிசிடிவில பதிவாகியிருக்கு. கூண்டு வச்சுப் புடிச்சு தூரமா கொண்டுபோய் விடச் சொல்லி மனு குடுக்கலாம்னு இருக்கோம், சரிதானே?

பதில்: அவசரப்படாதீங்க. மகாராஷ்டிராவுல ஜுன்னர் பக்கம் 2001-லேருந்து 2003 வரைக்கும் இப்படித்தான் நிறைய சிறுத்தைங்களப் புடிச்சு வேற காட்டுல விட்டாங்க, அப்புறம் காட்டுயிர் ஆராய்ச்சியாளர் வித்யா ஆத்ரேயாவோட குழு ஆராய்ஞ்சு பாத்தா, விட்ட இடத்தைச் சுத்தி மனுஷங்க மேல தாக்குதல் கூடியிருந்துச்சு! பழக்கமில்லாத இடத்துல விட்டா அது என்ன பண்ணும், சுத்தத்தானே செய்யும். இங்க காலியான இடத்துக்கும் இன்னொண்ணு வந்துடும்.

அது எதுக்கு உங்க தெருவுக்கு வருதுன்னு முதல்ல பாருங்க. குப்பை வழியுது, குப்பைக்கு நாய் சேருது, நாய்க்குச் சிறுத்தை வருது, அவ்ளோதான். மும்பைல சஞ்சய் காந்தி தேசியப் பூங்கா ஓரத்துல இருக்கிற சிறுத்தைங்களுக்கும் தெருநாய் முக்கியமான இரை. அதனால மூடி போட்ட தொட்டி வைக்கச் சொல்லுங்க, இருட்டுறதுக்கு முன்னாடி குப்பைய அள்ளச் சொல்லுங்க, நடக்கிற பாதை ஓரத்துல புதர வெட்டச் சொல்லுங்க, அப்புறம் முக்கியமா யாரும் ராத்திரி புதர்ப்பக்கம் ஒதுங்கப் போகாதபடி வீட்டுக்கு வீடு கழிப்பறை இருக்கான்னு பாருங்க. குனிஞ்சு உக்காந்திருக்கிற மனுஷன் சிறுத்தை கண்ணுக்குச் சின்ன மிருகம் மாதிரி தெரியலாம். மனுல இதையெல்லாம் எழுதுங்க, கூண்டு வேணாம்.

கேள்வி: அப்போ தெரு பூரா ஃபிளட்லைட் போட்டுட்டா?

பதில்: நடக்கிற பாதைல மட்டும், கீழ பாத்த மாதிரி போடுங்க. காட்டுப் பக்கம் அடிக்கிற லைட்டால வௌவால், பூச்சி எல்லாம் தடுமாறும். நெதர்லாந்துல நியூகூப்ங்கிற ஊர்ல ஒரு குடியிருப்புக்கே வௌவாலுக்குத் தொந்தரவு குறையணும்னு சிவப்பு எல்இடி போட்டிருக்காங்க.

கேள்வி: ஹைவேக்கு மேல மிருகங்களுக்குப் பாலம் கட்டுறாங்களாமே, அதுங்களுக்கு அது பாலம்னு எப்படித் தெரியும்? காசு வேஸ்ட்தானே?

பதில்: நானும் முதல்ல இப்படித்தான் சிரிச்சேன். கனடாவோட பான்ஃப் தேசியப் பூங்காவுல ரோட்டோரம் 2.4 மீட்டர் வேலி, நடுநடுவுல மண்ணு கொட்டி மரம் வச்ச பாலம், அடில சுரங்கப்பாதைன்னு செஞ்சாங்க, பெரிய மிருகங்க வண்டில அடிபடுறது 80 சதவீதத்துக்கு மேல குறைஞ்சுபோச்சு. வேலி இல்லாம வெறும் பாலம் கட்டினா மட்டும்தான் வேஸ்ட், ஏன்னா வேலிதான் அதுங்களப் பாலத்துக்குக் கூட்டிட்டுப் போகுது. கிரிஸ்லின்னு அங்க இருக்கிற பெரிய பழுப்புக் கரடிங்க பாலத்துக்குப் பழகறதுக்கே சில வருஷம் ஆச்சு, ஆறு மாசத்துல கணக்குக் கேக்காதீங்க. இன்னொண்ணு, ரோடு போட்டப்புறம் பாலம் கட்டுறதவிட, பிளான் போடும்போதே ஓடைக்கரைய அடைக்காம விட்டுட்டா செலவு ரொம்பக் கம்மி, ஓடை வழியாவே நிறைய மிருகங்க போய்டும்.