அப்பா விரும்பும் பழைய ரொக் இசை எனக்கு ஏன் இரைச்சலாகக் கேட்கிறது?

உங்கள் காதில் குறையில்லை. பதின்ம வயதிலும் இருபதுகளின் தொடக்கத்திலும் கேட்ட பாட்டே நினைவில் ஆழமாகப் பதியும் என்கிறார்கள் உளவியலாளர்கள். அப்பாவுக்கு அந்த வயதில் வானொலியின் ஆங்கில சேவை, உங்களுக்குக் கைப்பேசி.

வெள்ளவத்தையில் எங்கள் வீட்டிலும் இதே வழக்குத்தான். கேட்கும் முறையை மாற்றிய பிறகே என் மனம் மாறியது. இசைத்தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ 20 நிமிடம் ஓடும். பல குழுக்கள் அந்த நீளத்தை மனத்தில் வைத்தே பாட்டுகளை வரிசைப்படுத்தின. பிங்க் ஃப்ளோய்ட் என்ற பிரித்தானிய ரொக் குழு 1973இல் வெளியிட்ட 'தி டார்க் சைட் ஒஃப் த மூன்' தொகுப்பில் ஒரு பாட்டு அடுத்ததற்குள் அப்படியே கரைந்து செல்லும். நடுவில் ஒன்றைப் பிடுங்கிக் கேட்டால் எப்படி இனிக்கும்? காலி வீதி பஸ்ஸில் வேண்டாம். இரவில், விளக்கை அணைத்து, அப்பாவோடு அமர்ந்து முதலிலிருந்து கேளுங்கள்.