கடப்பிதழை முதலாளி வாங்கி வைத்துக்கொள்வது திருட்டா?

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் உணவகம் ஒன்றில் வேலை செய்யும் தம்பி கேட்டிருக்கிறார்: "பத்திரமாக இருக்கட்டும் என்று எங்கள் தமிழ் முதலாளி கடப்பிதழை வாங்கி வைத்திருக்கிறார். நானே கையில் கொடுத்தேன். இது திருட்டாகுமா?"

தம்பி, மலேசியக் குற்றவியல் சட்டத்தின் 378ஆவது பிரிவுப்படி, ஒருவர் வசமுள்ள பொருளை அவர் சம்மதமின்றி நேர்மையற்ற எண்ணத்தோடு எடுப்பதே திருட்டு. நீங்களே கொடுத்ததால் அந்தச் சொல் சரியாகப் பொருந்தாது. ஆனால் நாளை திருப்பிக் கேட்டால் தருவாரா? "உன்னைக் கொண்டுவந்த செலவைக் கட்டிவிட்டு வாங்கிக்கொள்" என்றால், அந்த நொடியே அது வற்புறுத்தல். தண்டனைக்குப் பயந்து, மனமொப்பாமல் செய்யும் வேலையைத்தான் அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பின் 1930ஆம் ஆண்டு ஒப்பந்தம் கட்டாய உழைப்பு என்கிறது.

கடப்பிதழ் புத்தகம் அதை வழங்கிய அரசின் சொத்து. உங்களிடமிருந்து பறிபோவது, பிடிக்காத வேலையை விட்டு எழுந்து நடக்கும் உரிமை. அவரவர் உடல் அவரவர்க்கே சொந்தம் என்று 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் ஜான் லாக் வாதிட்டார். உடல் என்னுடையது என்றால் உழைப்பும் என்னுடையதுதான். கடனுக்குப் பணத்தைக் கேட்கலாம், ஆளைப் பிடித்து வைக்க முடியாது. பினாங்கில் கப்பலிறங்கிய நம் முன்னோரை முன்பணக் கடன் காட்டித்தான் தோட்டங்களில் கட்டிப்போட்டார்கள். அந்த ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் நிறுத்தப்பட்டது. அதே கயிறு இன்று ஒரு தமிழரின் மேசை இழுப்பறையில் கிடப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

மலேசிய அரசியலமைப்பின் 6ஆவது பிரிவு கட்டாய உழைப்பைத் தடை செய்கிறது. 1966ஆம் ஆண்டுக் கடப்பிதழ்ச் சட்டப்படி, உரிய அதிகாரமின்றிப் பிறர் கடப்பிதழை வைத்திருப்பது குற்றம். முதலில் வாட்ஸ்அப்பில் கேளுங்கள், பதில் சான்றாக இருக்கும். மறுத்தால் தொழிலாளர் துறையில் புகார் செய்யுங்கள்.