மணலில் கிடைத்த நீர்க்கரடிக்கு என்ன பெயர் எழுதுவது?

கேள்வி: அலை வந்து போகும் இடத்திலிருந்து எடுத்த ஈர மணலைக் கழுவி, மைக்ரோஸ்கோப்பில் 400 மடங்கு பெரிதாக்கிப் பார்த்தேன். எட்டுக் கால்களோடு ஒரு நீர்க்கரடி (டார்டிகிரேட் எனப்படும் நுண்விலங்கு). நகம் இல்லை, ஒவ்வொரு விரல் நுனியிலும் ஒரு சின்னத் தட்டு இருந்தது. ஒரு கையேட்டில் ‘பேட்டிலிப்பெஸ் மைரஸ், உலகெங்கும் உண்டு’ என்று இருந்த படத்தோடு ஒத்துப்போகிறது. அந்தப் பெயரிலேயே பல்லுயிர்ப் பதிவேட்டில் ஏற்றலாமா? இன்னும் சில கிடைக்க எப்படித் தேடுவது?

பதில்: பேட்டிலிப்பெஸ் என்ற பேரினப் பெயரை, அதாவது நெருங்கிய பல இனங்களுக்குப் பொதுவான முதற்சொல்லை மட்டும் தைரியமாக எழுதுங்கள். ‘மைரஸ்’ இப்போது வேண்டாம். நீங்கள் பார்த்த தட்டு பேரினத்தைச் சொல்லும், இனத்தைச் சொல்லாது. லத்தீனில் பேட்டிலிப்பெஸ் என்றாலே ‘மண்வாரிக் கால்’ என்று பொருள். 1909-இல் ரிக்டர்ஸ் என்ற ஜெர்மானியர் முதல் இனத்தை விவரித்து, வியப்புக்குரியது என்ற பொருளில் ‘மைரஸ்’ என்று பெயர் வைத்தார். அதற்குப் பிறகு இதே தட்டு விரல்களோடு 30-க்கும் மேற்பட்ட இனங்கள் விவரிக்கப்பட்டுவிட்டன. கையேட்டில் இருப்பது அவற்றில் ஒன்றே ஒன்று. படம் ஒத்துப்போவதில் ஆச்சரியம் இல்லை.

சரி, எதைப் பார்த்துப் பிரிப்பது? முதலில் பின்னங்காலுக்குப் போங்கள். வளர்ந்த விலங்குக்கு ஒவ்வொரு காலிலும் 6 விரல்கள். ஆறும் ஒரே நீளம் இல்லை. குட்டையும் நெட்டையுமாக எந்த வரிசையில் நிற்கின்றன என்பது, அதிலும் நான்காவது ஜோடிக் காலில், இனத்துக்கு இனம் மாறும். இதற்கு 400 மடங்கு போதாது. எண்ணெய் லென்ஸ் போட்டு 1000 மடங்கில் பாருங்கள். மேலே மூடும் மெல்லிய கண்ணாடியான கவர் ஸ்லிப் மெல்ல அழுந்தும்போது கால் வெளியே நீண்டு, விரல்கள் விசிறி போல விரியும் ஒரு கணம் வரும். அப்போது படம் எடுத்துவிடுங்கள். கால்கள் உள்ளிழுத்து நீளக்கூடியவை. இழுத்துக்கொண்டுவிட்டால் எண்ண முடியாது. 6-க்குக் குறைவாக விரல் இருந்தால் அது இளசு. அதை வைத்து இனப் பெயர் எழுதக் கூடாது. பதிவேடுகளில் நான் பார்க்கும் தவறுகளில் பாதி இங்கேதான் நடக்கிறது.

அடுத்தது வால். உடலின் பின்முனை நடுவில் முள், குமிழ், கவடு என்று ஏதாவது இருக்கலாம். ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். பெயர்களே இதைச் சொல்கின்றன: அகாடேட்டஸ் என்றால் வாலில்லாதது, புல்லகாடேட்டஸ் என்றால் குமிழ்வால், டைக்ரோசெர்கஸ் என்றால் கவட்டு வால். ஆனால் வாலை மட்டும் நம்பிவிடாதீர்கள். ஒரே இனத்துக்குள்ளேயே அதன் வடிவம் கொஞ்சம் மாறும். காலுக்கும் காலுக்கும் இடையே உடலின் ஓரத்தில் துருத்தி நிற்கும் புடைப்புகளையும் குறித்துக்கொள்ளுங்கள்.

தலையில் 7 உணர்மயிர்கள் இருக்கும்: நடுவில் ஒன்று, மற்றவை ஜோடி ஜோடியாக மூன்று. இவை போக, பக்கவாட்டு மயிரின் அடியை ஒட்டி இரு பக்கமும் ஒவ்வொரு தடித்த உணர்கொம்பு உண்டு. மயிரையும் கொம்பையும் குழப்பிக்கொள்ளாமல் இரண்டின் நீளத்தையும் தனித்தனியே அளந்து வையுங்கள். பெண்ணா ஆணா என்று பார்க்க அடிப்பக்கத்தைத் திருப்பினால் போதும். பெண்ணின் இனப்பெருக்கத் துளையைச் சுற்றி ஆறு இதழ்ப் பூ போன்ற அமைப்பு தெரியும், ஆணுக்கு அது இருக்காது. உள்ளே வாய்க்குழாய், அதன் இருபுறமும் குத்தூசிகள், பின்னால் உருண்டையான தொண்டைத் தசை. இதயமோ செவுளோ தேடாதீர்கள். பெரும்பாலும் 0.1 முதல் 0.3 மி.மீ. வரை மட்டுமே நீளும் இந்த உடலுக்கு அவை தேவைப்படவில்லை.

இனி ‘உலகெங்கும் உண்டு’ என்ற வரி. எனக்கு இதில் ஆழ்ந்த சந்தேகம் உண்டு. இந்த விலங்குக்கு நீரில் மிதந்து பரவும் இளம்பருவம் கிடையாது. குஞ்சு பொரிப்பதும் மணலிலேயே, வளர்வதும் அங்கேயே. புயலலை மணலைக் கிளறும்போது அடித்துச் செல்லப்படலாம்; அப்படியும் பெருங்கடலைத் தாண்டுவது சுலபமில்லை. நிலத்து நீர்க்கரடிகள் காய்ந்து சுருண்டு, தூசியாகக் காற்றில் போகும். கடலில் வாழ்பவற்றில் பெரும்பாலானவற்றுக்கு அந்தத் திறமை இல்லை. பாறை ஒட்டும் கொட்டலசுகளுக்கு இடையே வாழும் எக்கினிஸ்காய்டெஸ் சிகிஸ்முண்டி என்ற நீர்க்கரடி ஒரு விதிவிலக்கு: அலை இறங்கினால் காயும் இடத்தில் வாழ்வதால் அதற்கு வறட்சி தாங்கும். அதுவும் வெகுகாலம் உலகெங்கும் உள்ள ஒரே இனம் என்றே எண்ணப்பட்டது. மரபணுவைப் பார்த்தபோதுதான் ஒரே பெயருக்குள் பல இனங்கள் ஒளிந்திருப்பது தெரிந்தது. மைரஸ் என்ற பெயரில் தொலைதூரக் கடற்கரைகளிலிருந்து வந்த பதிவுகளையும் இந்தக் கண்ணோடுதான் படிக்க வேண்டும். நீங்கள் தவறான பெயரை ஏற்றினால் அந்தப் பரவல் வரைபடத்தில் இன்னொரு பொய்ப் புள்ளி விழும், அப்புறம் அதை அழிப்பது மிகக் கடினம்.

தேடும் முறைக்கு வருவோம். சுத்தமான, நடுத்தரப் பரல் மணலைத் தேர்ந்தெடுங்கள். களிமண் கலந்தால் மணலுக்கு இடையே உள்ள வழிகள் அடைபட்டுவிடும். தோண்டும்போது மணல் கருப்பாகி, அழுகிய முட்டை வாடை வந்தால் அந்த ஆழத்தில் ஆக்சிஜன் இல்லை என்று பொருள், அதற்கு மேலே உள்ள மணலை எடுங்கள்.

விரல் தட்டால் மணலைப் பற்றியிருக்கும் விலங்கைப் பிரிக்க நல்ல தண்ணீர்தான் எளிய வழி. ஒரு கைப்பிடி மணலை வாளியில் போட்டு, நல்ல தண்ணீர் ஊற்றி, அரை நிமிடம் சுழற்றுங்கள். உப்பு திடீரெனக் குறையும் அதிர்ச்சியில் பிடி விட்டுவிடும். மணல் அடியில் தங்கியதும், மேல் தண்ணீரை 40 மைக்ரான் சல்லடையில் வடித்து, சல்லடையில் தங்கியதை உடனே கடல்நீருக்கு மாற்றிவிடுங்கள். தாமதித்தால் விலங்கு உப்பிச் செத்துவிடும். 1982-இல் பிரான்சின் ரோஸ்காஃப் கடலோர ஆய்வு நிலையத்தில் ரைன்ஹார்ட் கிறிஸ்டென்சன் என்ற டென்மார்க் விலங்கியலாளர் நேரமில்லாமல் இப்படி நல்ல தண்ணீரில் கழுவியபோதுதான், லோரிசிஃபெரா என்ற புதிய விலங்குத் தொகுதி ஏராளமாகக் கைக்கு வந்தது; அடுத்த ஆண்டு அதை உலகுக்கு அறிவித்தார். ஆகவே நீர்க்கரடி கிடைத்ததும் மற்றவற்றைக் கொட்டிவிடாதீர்கள்.

கிடைத்ததில் பாதியை ஃபார்மலினில் பதப்படுத்தி, கிளிசரினில் ஸ்லைடு செய்யுங்கள். மீதியைச் செறிந்த எத்தனாலில் போடுங்கள், ஃபார்மலினில் போட்டால் மரபணு கெட்டுவிடும். பதிவேட்டில் பேரினப் பெயர், எடுத்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை, தேதி, மணலின் ஆழம், பின்னங்கால் விரல்களின் படம் ஆகியவற்றை ஏற்றுங்கள். இனப் பெயருக்கான கட்டத்தைக் காலியாக விடுங்கள்.