பத்தாவது பாட்டை எப்படி வாசிப்பது?

கேள்வி: அன்புள்ள அம்மா, பி.ஏ. வரலாறு கடைசி வருஷம் படிக்கிறேன். அடுத்து உலகச் சமயங்களைப் பற்றி எம்.ஏ. படிக்க ஆசை. “நம்ம தேவாரத்தையே நீ முழுசாப் படிக்கல, அதுக்குள்ள குர்ஆனும் பைபிளும் எதுக்கு? சாமி கும்பிடறதே நின்னு போயிரும்” என்கிறார் அப்பா. வேலை கிடைக்குமா என்று அம்மா கவலைப்படுகிறார். என்ன செய்வது?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: அன்பு மகளே, அப்பாவோடு வாதாடாதே. அவர் சொன்னபடியே தேவாரத்திலிருந்து தொடங்கு, அதுவும் அவரிடமே உட்கார்ந்து.

தேவாரத்தில் சம்பந்தர் பாடிய பதிகங்களை ஓதுபவர்களுக்கு அவற்றின் அமைப்பு தெரிந்திருக்கும். பெரும்பாலும் எட்டாவது பாட்டில் இராவணன் வருவான். ஒன்பதாவதில் திருமாலும் பிரமனும் அடிமுடி தேடுவார்கள். பத்தாவதில் சமணரையும் பௌத்தரையும் கடுமையாகச் சாடுவார். சின்ன வயதில் பாராயணம் செய்தபோது அந்தப் பத்தாவது பாட்டும் மற்றவை போலவே என் நாக்கில் ஓடியது. எம்.ஏ. வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள் வந்தவாசிப் பக்கத்துத் தமிழ்ச் சமணப் பெண். ஒரு நாள் ஒரு பதிகத்தை என்னை வாசிக்கச் சொன்னார்கள். ஒன்பது பாட்டோடு நிறுத்திவிட்டேன். “ஏன் நிறுத்திட்ட? அதையும் வாசி, எனக்குத் தெரிஞ்சதுதானே” என்றாள். வாசித்தேன்.

அன்று சாயங்காலம் அவள் எனக்கு நீலகேசி என்ற சமணக் காப்பியத்தின் கதையைச் சொன்னாள். அதில் வாதத்தில் ஜெயிப்பது சமணம், தோற்பவர்கள் பௌத்தர் முதல் வேதவாதிவரை மற்றவர்கள். நாங்கள் இருவரும் ஒரே தமிழில், ஒரே சண்டையின் இரண்டு கரைகளில் வளர்ந்திருக்கிறோம் என்று அப்போதுதான் உறைத்தது. சம்பந்தரின் ஏழாம் நூற்றாண்டில் அரசர்களின் ஆதரவுக்காகவும் ஊராரின் மனதுக்காகவும் இந்தச் சமயங்கள் போட்டி போட்டதை அப்புறம் படித்துத் தெரிந்துகொண்டேன். என் பக்தி போகவில்லை. ஆனால் அந்தப் பாட்டை இன்று ஓதினாலும் அவள் முகம் நினைவுக்கு வரும். சமய உரையாடல் என்று நான் மதிப்பது இதைத்தான். எல்லாச் சமயமும் ஒன்றே என்று சொல்லிவிட்டால் அந்தப் பத்தாவது பாட்டை யாரும் வாசிக்கவே வேண்டியதில்லை.

பிற சமய நூல்களையும் இதே பொறுமையோடு படிக்கவேண்டும். யூதர்களின் வேதத்தில் உள்ள நூல்கள் கிறிஸ்தவர்களின் பழைய ஏற்பாட்டிலும் இருக்கின்றன, வரிசைதான் வேறு. யூதருக்கு அது நாளாகமம் என்ற நூலோடு, எருசலேமுக்குத் திரும்பலாம் என்று பாரசீக அரசன் கோரேசு அனுமதி தரும் இடத்தில் முடிகிறது. கிறிஸ்தவருக்கு மல்கியா என்ற நூலோடு, எலியா தீர்க்கதரிசி வருவார் என்ற வாக்கில் முடிந்து, பக்கத்தைத் திருப்பினால் புதிய ஏற்பாட்டின் முதல் நூலான மத்தேயு தொடங்குகிறது. வரிசை மாறியதும் கதை போகும் திசையே மாறிவிடுகிறது, பார்த்தாயா? குர்ஆனின் 114 அத்தியாயங்களும் அருளப்பட்ட கால வரிசையில் இல்லை. முதல் அத்தியாயத்தை விட்டால், ஏறக்குறைய நீளமானவை முன்னும் சிறியவை பின்னுமாக வரும். கதைப் புத்தகம்போல முதல் பக்கத்திலிருந்து படிப்பவர்கள் திணறுவது அதனால்தான். ஓதத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்தால் அந்தத் திணறல் பெரிதும் குறையும்.

அப்பாவுக்குப் பிடிக்கக்கூடிய ஒன்றும் இருக்கிறது. தேவாரத்தைப் பண்முறையில் தொகுத்ததுபோலவே, சீக்கியரின் குரு கிரந்த சாகிபும் பெரும்பகுதி ராகவாரியாகத் தொகுக்கப்பட்டது. 1430 பக்கங்கள். குருமார்களின் பாடல்களோடு கபீர், ரவிதாஸ், சூஃபி ஞானி ஷேக் ஃபரீத் பாடியவையும் அதில் உண்டு. அவரிடம் இதைச் சொல்லிப் பார்.

நம்பிக்கை மாறவே மாறாது என்று உன் அப்பாவுக்கு நான் வாக்குக் கொடுக்க முடியாது. சிலருக்கு ஆழமாகிறது, சிலருக்கு வேறு வடிவம் எடுக்கிறது. கண்ணை மூடிக் காப்பாற்றுவதைவிட அது நல்லது என்பது என் எண்ணம்.

சரி, படிப்பு எங்கே? சென்னைப் பல்கலைக்கழகத்தில் சைவ சித்தாந்தம், வைணவம், சமணம், கிறிஸ்தவம் இவற்றுக்குத் தனித்தனித் துறைகள் இருக்கின்றன. பல சமயங்களை ஒப்பிட்டுப் படிக்க, பாட்டியாலாவிலுள்ள பஞ்சாபி பல்கலைக்கழகத்தில் 1967இல் தொடங்கிய சமய ஆய்வுத் துறை இருக்கிறது. எங்கே சேர்ந்தாலும் ஒரு மூலமொழியையாவது உருப்படியாகக் கற்றுக்கொள். சமஸ்கிருதமோ பாலியோ அரபியோ, எது உனக்குப் பிடிக்கிறதோ அது.

அம்மாவின் கவலை நியாயமானது. ஒப்பீட்டுச் சமய ஆய்வு, கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வில் ஒரு பாடமாக இருக்கிறது, ஆனால் ஆசிரியர் இடங்கள் குறைவு. கூடவே பி.எட். அல்லது மொழிபெயர்ப்புப் பயிற்சி ஒன்றை வைத்துக்கொள்.

விண்ணப்பம் போடும் முன்னால் அப்பாவிடம் ஒரு பதிகத்தைப் பண்ணோடு பாடக் கற்றுக்கொள். பத்தாவது பாட்டு வரும்போது, ஒரு சமணர் எதிரில் இருந்தால் இதை எப்படிப் பாடுவீர்கள் என்று கேள். அவர் சொல்லும் பதிலை எனக்கு எழுது.