பதில்: டாக்பேக் எல்லாவற்றையும் "பட்டன்" என்றே படிக்கிறது

வணக்கம். வீட்டு விளக்கையும் ஃபேனையும் போனிலிருந்து இயக்கும் உங்கள் செயலியில், திரையை வாசித்துச் சொல்லும் ஆண்ட்ராய்டின் டாக்பேக் எல்லாவற்றையும் "பட்டன்" என்றே படிப்பதால் விளக்குக்கும் ஃபேனுக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்று பார்வையற்ற ஒருவர் சொல்கிறார், அம்மாவுக்கோ வேகத்தைக் கூட்டும் ஸ்லைடர் கைக்குள் நிற்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். இரண்டும் சரிசெய்யக்கூடியவைதான்.

நீங்கள் போட்டிருக்கும் படத்தில் பல்பு ஐகான் வெறும் இமேஜ் பட்டன். அதற்குக் கன்டென்ட் டிஸ்கிரிப்ஷன், அதாவது டாக்பேக் வாசிக்கும் பெயர், கொடுங்கள். "விளக்கு" என்று மட்டும் போட்டால் போதாது. எந்த அறை என்பதும் வேண்டும்: "சமையலறை விளக்கு". எரிகிறதா, அணைந்திருக்கிறதா என்பதைப் பெயரோடு ஒட்டாதீர்கள். ஆண்ட்ராய்டின் சாதாரண ஸ்விட்சைப் பயன்படுத்தினால் நிலையை டாக்பேக் தானே சொல்லிவிடும். பச்சை, சிவப்பு நிறத்தை மட்டும் நம்புவதையும் விடுங்கள், நிறக்குருடு உள்ள பலருக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

இன்னொன்று, பலரும் கோட்டைவிடும் இடம். தொட்டவுடனே ஐகானை மாற்றிவிடுகிறீர்கள், ஆனால் வைஃபை போயிருந்தால் விளக்கு எரிந்துகொண்டேதான் இருக்கும். கண் தெரிந்தவர் நிமிர்ந்து பார்த்துக்கொள்வார். பார்வையற்றவர்? கருவியிலிருந்து பதில் வந்தபிறகே நிலையை மாற்றுங்கள். வராவிட்டால் அதையும் லைவ் ரீஜன் (திரையில் ஒரு பகுதி மாறியதும் டாக்பேக் தானே வாசிக்கும்படி செய்யும் அமைப்பு) வழியாக வாய்விட்டுச் சொல்லவையுங்கள்.

அம்மாவுக்கு ஸ்லைடரே வேண்டாம். சுவரில் இருக்கும் ரெகுலேட்டரில் ஐந்து படிதானே? கூட்டல், கழித்தல் என இரண்டு பட்டன், நடுவில் பெரிதாக எண். ஒவ்வொன்றும் குறைந்தது 48 டிபி (திரையின் அடர்த்திக்கேற்பச் சரிசெய்துகொள்ளும் ஆண்ட்ராய்டு அளவு). எழுத்தளவை எஸ்பி-யில் (போனின் எழுத்தளவு அமைப்போடு சேர்ந்து மாறும் அலகு) வையுங்கள், இல்லாவிட்டால் போனில் எழுத்தைப் பெரிதாக்கினாலும் உங்கள் திரை அசையாது.

முடித்ததும் டாக்பேக்கை ஓட்டி, கண்ணை மூடிக்கொண்டு ஃபேனை மூன்றில் வைத்துப் பாருங்கள்.