எச்செவெரியா என்ற பாஸ்க் பெயர் எங்கிருந்து வந்தது? ஏன் இத்தனை பேருக்கு இருக்கிறது?

கேள்வி: என்னோடு முதுகலை படிக்கும் கொலம்பியா நண்பரின் குடும்பப்பெயர் எச்சவாரியா. ஸ்பெயினிலிருந்து வந்த இன்னொருவர் எச்செவெரியா. இரண்டும் ஒரே பாஸ்க் பெயர்தான், ஆனால் நாங்கள் உறவில்லை என்கிறார்கள். அந்தப் பெயருக்கு என்ன பொருள்? எப்படி இவ்வளவு பரவியது?

புதுவீடு. அவ்வளவுதான் பொருள்.

பாஸ்க் என்பது ஸ்பெயினும் பிரான்ஸும் சந்திக்கும் எல்லைப் பகுதியில் வாழும் மக்களின் மொழி. அதில் 'எச்செ' என்றால் வீடு, 'பெர்ரி' என்றால் புதியது. கடைசியில் ஒட்டிக்கொள்ளும் 'ஆ', இன்ன வீடு என்று சுட்டும் விகுதி. மூன்றும் சேர்ந்து எச்செபெர்ரியா. ஸ்பானிய வாயிலும் எழுத்திலும் அது எச்செவெரியா ஆனது.

இந்தப் பெயர்மேல் எனக்குத் தனிப் பிரியம் உண்டு. காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

வேலை நிமித்தம் ஒன்றரை வருஷம், ஸ்பெயினில் உள்ள பாஸ்க் நகரமான பில்பாவோவில் இருந்தேன். குடியிருந்த கட்டடத்தின் வாசலில் வரிசையாகத் தபால் பெட்டிகள். அந்த ஊர் வழக்கப்படி ஒவ்வொருவருக்கும் அப்பா வழியில் ஒன்று, அம்மா வழியில் ஒன்று என இரண்டு குடும்பப்பெயர்கள். லிஃப்ட்டுக்குக் காத்திருக்கும்போது அவற்றைப் படித்துக்கொண்டிருப்பேன். மொழி கொஞ்சம் பிடிபட்ட பிறகு பெயர்கள் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டன. மென்டிசபால் என்றால் அகன்ற மலை. எலிசொண்டோ, கோயிலை ஒட்டிய இடம். கொய்கோயெச்செயா, மேலவீடு. எச்செகராய், மேட்டுவீடு. பதினாறு பெட்டிகளில் ஒரு மலைக்கிராமமே இருந்தது. அதில் இரண்டு புதுவீடுகள், மூன்றாம் மாடியில் ஒன்று, ஆறாம் மாடியில் ஒன்று. அவர்களும் உங்கள் நண்பர்களைப் போலத்தான், ஒருவருக்கொருவர் சொந்தமில்லை.

ஏன் சொந்தமில்லை என்பதில்தான் விஷயமே இருக்கிறது. பழைய பாஸ்க் கிராமத்தில் பெயர் இருந்தது வீட்டுக்கு. அதில் வாழ்ந்தவர்கள் அந்தப் பெயரால் அறியப்பட்டார்கள். வேறொரு குடும்பம் அதே வீட்டில் குடிவந்தால் வீட்டின் பெயர் அவர்களுக்கு வரும். மகளுக்கு வீடு போய் மருமகன் உள்ளே வந்தால் அவரும் அந்த வீட்டுக்காரர்தான். பெயர் ரத்தத்தோடு போகவில்லை, கூரையோடு இருந்தது. நம் ஊர்களிலும் ஒருவரை 'புதுவீட்டுக்காரர்' என்று சொன்னால் எந்தக் குடும்பம் என்று எல்லோருக்கும் தெரியும் அல்லவா, அதையே பதிவேட்டிலும் எழுதிவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

பிரான்ஸ் எல்லைக்குள் இருக்கும் பாஸ்க் கிராமமான ஐனோவாவில் ஒரு வீட்டின் நிலைக்கல்லை அண்ணாந்து பார்த்தபடி வெகுநேரம் நின்றிருக்கிறேன். கல்லில் பிரெஞ்சு எழுத்துகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். கொரிட்டியா என்னும் இந்த வீட்டை, காலஞ்சென்ற ஜான் தொல்காராயின் தாய் மரி த கொரிட்டி, மகன் இந்தியாக்களிலிருந்து அனுப்பிய பணத்தைக் கொண்டு மீட்டார், இதை விற்கவோ அடகு வைக்கவோ கூடாது, ஆண்டு 1662. இதுதான் வாசகம். கடல் கடந்து போன மகன் (இந்தியாக்கள் என்றால் அன்று பெரும்பாலும் அமெரிக்கா) திரும்பி வரவில்லை, பணம் வந்தது, வீடு மிஞ்சியது. தாயின் பெயரையும் வீட்டின் பெயரையும் பாருங்கள், இரண்டும் ஒன்று. மகனின் பெயர் வேறு.

சரி, இந்தப் பெயர் மட்டும் ஏன் இவ்வளவு அதிகம்? எந்தக் கிராமத்திலும் என்றைக்காவது யாராவது புதிதாக ஒரு வீடு கட்டத்தான் செய்வார்கள். அக்கம்பக்கத்தார் அதைப் புதுவீடு என்பார்கள். முந்நூறு வருஷம் ஆகிச் சுவரெல்லாம் பாசி பிடித்தாலும் அது புதுவீடுதான். பத்து ஊரில் பத்துப் புதுவீடு, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல். பிறகு 16-ம் நூற்றாண்டில் கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து பொதுச்சங்கம் ஒவ்வொரு கோயில் பங்கிலும் பதிவேடுகளைக் கட்டாயமாக்கியது. ஞானஸ்நானம், திருமணம் என்று எழுத எழுத, கூரையோடு இருந்த பெயர் மெல்ல மெல்ல ஆளோடு ஒட்டி, தலைமுறை தலைமுறையாக இறங்கத் தொடங்கியது.

கடல் தாண்டிப் பரவியதற்கும் வீடுதான் காரணம். பாஸ்க் பண்ணைவீட்டைப் பங்கு போடமாட்டார்கள். ஒரே ஒரு வாரிசு, மற்றப் பிள்ளைகள் பிழைப்பைத் தேடிக்கொள்ள வேண்டும். அவர்கள் மாலுமியாக, மீனவராக, ஆடு மேய்ப்பவராக, வியாபாரியாக அமெரிக்கக் கண்டம் முழுக்கப் போனார்கள். வீடு கிடைக்காத பிள்ளைகள்தான் வீட்டின் பெயரை உலகெங்கும் கொண்டுபோனார்கள் என்பதை நினைத்தால் மனம் கனக்கிறது. அர்ஜென்டினாவின் கவிஞர் எஸ்தெபான் எச்செவெரியா (1805-1851), மெக்சிகோவின் அதிபராக 1970 முதல் 1976 வரை இருந்த லூயிஸ் எச்செவெரியா எல்லோரும் இந்தப் பெயர்க்காரர்களே. தென் அமெரிக்க விடுதலைத் தலைவர் சிமோன் பொலிவாரின் பெயரும் பாஸ்க்தான். அது பிஸ்காயா என்ற பாஸ்க் மாகாணத்தில் உள்ள ஒரு சிற்றூரின் பெயர், ஆலைப் பள்ளத்தாக்கு என்று பொருள்.

போன இடமெல்லாம் எழுத்து மாறியது. பிரெஞ்சுப் பக்கத்தில் எச்செவெரி. பிஸ்காயா வட்டார வழக்கில் 'பெர்ரி' என்பதை 'பர்ரி' என்பார்கள், அதனால் எச்செவாரியா. முதல் உயிரெழுத்து தேய்ந்து உதிர்ந்தால் சவாரியா (இதில் 'ச'வை 'அச்சு' என்பதில் வருவதுபோல் அழுத்திச் சொல்ல வேண்டும்). ஸ்பெயினில் சர்வாதிகாரி பிராங்கோவின் ஆட்சி 1975-ல் முடிந்த பிறகு பலர் ஸ்பானிய எழுத்தை விட்டுவிட்டு, பாஸ்க் எழுத்துமுறைப்படி தங்கள் பெயரைத் திருத்திப் பதிந்துகொண்டார்கள்.

இப்போது என் காரணம். என் பெயர் சேவியர்.

இன்றைய ஸ்பெயினின் வடக்கே உள்ள நவார் நாட்டின் கிழக்கு ஓரத்தில் ஒரு கோட்டை. அந்த இடத்தின் பெயரும் புதுவீடு என்ற இதே சொல்தான். அங்கே லத்தீன் வழிமொழி பேசியவர்கள் 'பெர்ரி'யின் எகரத்தை 'இயெ' என்று நீட்டினார்கள். லத்தீனின் 'தெர்ரா' ஸ்பானியத்தில் 'தியெர்ரா' ஆனதும் இப்படித்தான். முன்னெழுத்தும் உதிர, ஷபியெர் என்று நின்றது. பக்கத்து அரகோனில் ஹவியெர்ரே என்று இதே பெயரில் சில ஊர்களே உண்டு. 1506-ல் அந்தக் கோட்டையில் பிறந்தவர் பிரான்சிஸ். அப்பா ஹுவான் த ஹாசோ, அம்மா மரியா த அஸ்பில்குவெத்தா. அண்ணன்மாரில் ஒருவர் கோட்டையின் பெயரை வைத்துக்கொண்டார், இன்னொருவர் அம்மாவின் பெயரை. பிரான்சிஸ் கோட்டையின் பெயரை எடுத்துக்கொண்டார். அவர்தான் நம் சவேரியார்.

1542-ல் முத்துக்குளித்துறைக்கு வந்தவர், 1544 ஜனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில், இந்த மக்களின் தாய்மொழி மலபார், என்னுடையது பிஸ்காயன், அதனால் நாங்கள் ஒருவரையொருவர் புரிந்துகொள்ள முடியவில்லை என்கிறார். மலபார் என்று அவர் சொல்வது தமிழை. பிஸ்காயன் என்பது பாஸ்க். அவர் நம் கரையில் இறங்கியபோது இரண்டு மொழியிலும் அச்சில் ஒரு புத்தகம்கூடக் கிடையாது. பாஸ்க்கின் முதல் அச்சுநூல் 1545-ல் பிரான்ஸின் போர்தோ நகரில் வந்தது. தமிழ் முதன்முதலில் அச்சேறியது 1554-ல், லிஸ்பனில், அதுவும் ரோமன் எழுத்தில்.

1622-ல் அவருக்குப் புனிதர் பட்டம் கிடைத்த பிறகுதான் அந்த வீட்டுப்பெயர் உலகமெங்கும் ஞானஸ்நானப் பெயரானது. ஸ்பெயினில் ஹவியேர், இத்தாலியில் சவேரியோ, நம் கடற்கரையில் சவரிமுத்து, சவரியம்மாள்.

அந்தக் கோட்டைக்கு நான் போனது ஒரு மார்ச் மாதச் சனிக்கிழமை. பாம்ப்லோனாவிலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் நடந்தே வரும் பக்தர்கள் சாலையோரம் செருப்பைக் கழற்றி, கொப்புளத்தில் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டிருந்தார்கள். அனுமதிச் சீட்டு கொடுத்த அம்மா என் அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு, ஸ்பானிய முறையில் 'ஹவியேர்' என்று சொல்லாமல், பாஸ்க்கில் 'ஷபியெர்' என்றார். தூத்துக்குடியில் எங்கள் ஆச்சி படுக்கப் போகும்போது 'சவேரியாரே' என்று சொல்வது அப்படியே காதில் கேட்டது. ஸ்பானியம் பின்னால் அந்த 'ஷ'வைத் தொலைத்து 'ஹ' ஆக்கிக்கொண்டது. போர்த்துகீசியர் மாற்றவில்லை, அவர்களிடமிருந்து நாம் வாங்கிக்கொண்டோம். அதனால் மாட்ரிட் உச்சரிப்பைவிட ஆச்சியின் உச்சரிப்பு அந்தக் கோட்டைக்குக் கிட்டத்தில் இருக்கிறது.

அப்புறம், உங்கள் கொலம்பியா நண்பரிடம் அந்நாட்டின் மெதெயின் நகரப் பக்கமா என்று கேட்டுப் பாருங்கள், எச்சவாரியாக்கள் அங்கே நிறைய. பெயரில் 'வாரி' என்று வருவதால் அவருடைய புதுவீடு பிஸ்காயா பக்கத்து மலைகளில் எங்காவது இருந்திருக்க வாய்ப்பு அதிகம். மற்றவருடையது பக்கத்துப் பாஸ்க் மாகாணமான கிபுஸ்கோவாவிலோ நவாரிலோ இருந்திருக்கும். உங்கள் வகுப்பில் யாராவது சேவியர் இருந்தால் அவரையும் கூட்டிப்போய் அறிமுகப்படுத்துங்கள். மூன்று பேருக்கும் ஒரே பெயர்.